பின்பெட்டி மணி

எல்லாச் சுவிட்சும் அணைந்திருந்தது. சாவி ஆரோக்கியநாதனின் சட்டைப்பையில் இருந்தது. எஞ்சின் எப்போதோ ஆறிவிட்டது. அப்படியும் லோரியின் அம்மீட்டர் ஊசி மயிரிழை அளவு இடப்பக்கம் சாய்ந்தது, நேரே வந்தது, மறுபடி சாய்ந்தது.

முதலில் அவன் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்திருந்தது. தகரக் கொட்டகைக்குள் கொப்பரை நாற்றமும் பெட்ரோல் நாற்றமும் கலந்து மூக்கை அடைத்தன. பூசைக்குப் போய் வந்து சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைச் சோறு வேறு கண்ணைச் செருக வைத்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மீட்டர் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். எஞ்சின் ஓடி டைனமோ கரண்டு கொடுத்தால் ஊசி வலப்பக்கம் போகும். பேட்டரியிலிருந்து எதுவாவது கரண்டை இழுத்தால் இடப்பக்கம் போகும். எதுவும் இழுக்காத நேரத்தில் நடுவில் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேலை. இது சும்மா நிற்கவில்லை. எங்காவது கம்பி உரசினாலும் ஊசி சாய்ந்தபடியே கிடக்கும். இது விட்டுவிட்டு இழுத்தது, அவசரப்படுகிற ஆள் கதவைத் தட்டுகிற மாதிரி.

ஒரு மாதமாக இந்த லோரி அவன் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி நிறைந்திருக்கும் பேட்டரி விடிந்தால் காலி. கைச்சுற்றியை முன்னால் செருகித் தோள் கழலச் சுற்றினாலும் பிரயோசனமில்லை. இந்த வகை எஞ்சினுக்குத் தீப்பொறி வரவே பேட்டரி வேண்டும். பாயான் லெப்பாஸ் தோப்பிலிருந்து டவுனுக்குத் தேங்காய் ஏற்றத்தான் லோரி வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அந்தத் தேங்காய்க்கு மாட்டு வண்டியே அதிகம் என்பது ஊருக்கும் தெரியும். லோரி ரோசலினுக்காக.

அவன் மனைவி ரோசலினுக்கு இது மூன்றாவது பேறு. முதல் பிள்ளை வீட்டிலேயே நீலம் பாரித்துப் பிறந்தது. இரண்டாவதற்கு வலி கண்டபோது டாக்சி தேடி ஓடினான். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவ்வளவு நேரமும் அவள் தனியாகக் கிடந்து ‘என்னங்க, என்னங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் என்பதால் இரண்டையும் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைக்க முடிந்தது. டவுன் டாக்டர் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி எடுத்ததும் படுக்க வைத்துக் கொண்டு வர வேண்டும், தாமதித்தால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. அதனால்தான் தேடிப் பிடித்துப் பின்னால் பெட்டி கட்டிய லோரியாக ஏலத்தில் எடுத்தான். ஜன்னல் இல்லாத பலகைப் பெட்டி. உள்ளே ஒரு ஆள் நீட்டிப் படுக்கும்படி ஒரு பெஞ்சு. கதவுக்கு வெளியிலிருந்துதான் தாழ்ப்பாள். போடாவிட்டால் குலுக்கலில் திறந்துகொள்ளும். கழுவிக் கழுவியும் அதில் ஒரு மருந்து வாடை போகவில்லை, ஆனால் மழை ஒரு சொட்டு உள்ளே வராது.

ஜெலுத்தோங்கில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்த அப்துல் ரசாக் அவனுடைய பழைய பட்டறைத் தோழன். பேட்டரியைத் தன் கடையில் நான்கு நாள் சும்மா வைத்துப் பார்த்துவிட்டு, அது புது மாப்பிள்ளை கணக்காக இருக்கிறது, குறையெல்லாம் உன் லோரியில்தான் என்று கேலி செய்து திருப்பி அனுப்பினான். டைனமோவைப் பார்த்தாயிற்று, நன்றாகவே சார்ஜ் ஏற்றியது. எஞ்சின் நின்றதும் கரண்டு பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கட்-அவுட்டைக் கழற்றி, அதன் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. இன்றைக்கு மிச்சமிருந்த ஒரே வழி, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் ஊசி அடங்குகிறது என்று பார்ப்பது.

முன்விளக்குக் கம்பியைக் கழற்றினான். ஊசி தட்டியது. பின்விளக்கு. தட்டியது. ஹார்ன். தட்டியது. கடைசியில் ஒரு கம்பி மட்டும் மிஞ்சியது. துணி சுற்றிய பழைய கம்பி, மேலே கனமாகப் பெயிண்ட் பூசியிருந்ததால் இத்தனை நாளும் மரத்தோடு மரமாகக் கண்ணுக்குப் படாமல் இருந்திருக்கிறது. அது டிரைவர் தலைக்கு மேலே கூரையோரம் ஏறி ஒரு மரப்பெட்டிக்குள் போனது. அதிலிருந்து இன்னொரு கம்பி புறப்பட்டுப் பின்பெட்டிக்குப் போனது. பெயிண்டைக் கத்தியால் சுரண்டி மரப்பெட்டியின் மூடியை நெம்பினான். உள்ளே ஒரு மின்சார மணி. பின்னால் படுத்திருப்பவர் பொத்தானை அமுக்கினால் டிரைவருக்குக் கேட்கும்படி வைத்த மணி. ஆனால் அது ஒலிக்க வழியில்லாமல் கிண்ணத்துக்கும் சுத்திக்கும் நடுவே யாரோ ஒரு கந்தைத்துணியைத் திணித்திருந்தார்கள். சும்மா திணிக்கவில்லை. ஆத்திரத்தோடு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி.

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. திருடன் பிடிபட்டான். மணி ஊமையானாலும் பொத்தான் அமுங்கும்போதெல்லாம் அது கரண்டைக் குடிக்கும். பின்பெட்டியில் பொத்தான் எங்கேயோ சிக்கிக் கிடக்கிறது, ஈரத்தில் தொட்டுத் தொட்டு விடுகிறது, வேறொன்றுமில்லை. துணியைப் பிடித்து இழுத்தான்.

மணி அலறியது.

தலைக்கு ஒரு சாண் மேலே, காது கிழியும்படி, விட்டு விட்டு, விட்டு விட்டு. கதவை உதைத்துத் திறந்து குதித்தான். பின்னால் ஓடித் தாழ்ப்பாளை இழுத்தான். கதவு திறந்ததும் மணி நின்றது. உள்ளே யாரும் இல்லை. பெஞ்சின் தலைமாட்டில் பலகைச் சுவரில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. அதைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்து, மரம் வரைக்கும் நகக்கீறல். தொட்டுப் பார்த்தான். பொத்தான் சிக்கவில்லை. காய்ந்திருந்தது, சுகமாக அமுங்கியது, சுகமாக வெளியே வந்தது. மழை இன்னும் ஒரு துளிகூட விழவில்லை.

அவன் பயந்துவிட்டான். மெக்கானிக் என்ற வீம்பு கொஞ்சம் இருந்ததால் ‘ஈரம்தான்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போய்க் கம்பியை அறுத்தான். அன்று ராத்திரி முழுக்கப் பேட்டரி இறங்கவில்லை. அடுத்த ராத்திரியும் இறங்கவில்லை. கைச்சுற்றியை ஒரு சுற்றுச் சுற்றினால் லோரி சிங்கம் மாதிரி உறுமியது.

வெற்றியைப் பீற்றிக்கொள்ள ரசாக்கின் கடைக்குப் போனான். சொல்லி முடித்த பிறகும் ரசாக் சிரிக்கவில்லை. ஆசிட் குப்பியை மூடி வைத்துவிட்டு, லோரி எந்தப் பக்கத்தில் ஓடியது என்று விசாரித்தான். கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் நோயாளி ஏற்றிய லோரி என்று ஏலத்தில் சொன்னார்கள் என்றான் ஆரோக்கியநாதன். அக்கரைக்கு ஆளும் வண்டியும் ஏற்றிப் போய்வரும் பெரிக்கப்பலில் வேலை செய்கிறவர்கள் தன் கடையில் வந்து உட்கார்ந்து பேசும் கதை ஒன்று உண்டு, அதை இத்தனை நாளும் நம்பவில்லை என்று ரசாக் தயங்கித் தயங்கிச் சொன்னான். பிரசவ வலியில் ஒரு பெண்ணைத் தோட்டத்திலிருந்து இக்கரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்திருக்கிறார்கள். வழியெல்லாம் மணி அடித்திருக்கிறாள். டிரைவருக்கு எரிச்சல், மணிக்குள் துணியைத் திணித்துவிட்டான். கடைசிக் கப்பல் போய்விட்டது. லோரியைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டு அவன் கள்ளுக்கடைக்குப் போய்விட்டான்.

“தாழ்ப்பாளும் எடுக்கல, துணியும் எடுக்கல. காலையில வந்து ஸ்டார்ட் பண்ணுனா பேட்டரி செத்துக் கெடந்துச்சாம். அப்பத்தான் அவனுக்கே வெளங்கிச்சு, ராத்திரி பூரா அவ அமுத்தியிருக்கான்னு. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. வித்துடு நாதா. பேட்டரிய நான் பார்த்துக்கிறேன், லோரிய வித்துடு லா.”

விற்க வேண்டும்தான். ஆனால் நாள் எங்கே இருக்கிறது? ரோசலினுக்கு மாதம் நிறைந்துவிட்டது. வேறு வண்டி கிடைக்கும் வரைக்கும் அவள் வயிறு பொறுக்குமா? கம்பியைத்தான் அறுத்தாயிற்றே, பிள்ளை பிறந்த மறுநாள் விற்றுவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏற்கெனவே தூங்காமல் கிடக்கிறவளிடம் எதைச் சொல்வது.

வலி அந்த வாரத்திலேயே எடுத்தது, விளக்கு வைக்கும் நேரத்தில், கடலிலிருந்து மழை கொட்டிக்கொண்டு வந்தபோது. கூட வருவதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு மருத்துவச்சி ஆயிஷா அக்கா பாலிக் பூலாவில் கல்யாண வீட்டில் இருந்தாள். ஆரோக்கியநாதன் பெஞ்சில் மெத்தையைப் போட்டு ரோசலினைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினான். அரிக்கேன் விளக்கை ஆணியில் மாட்டினான். கதவை மூடப்போகும்போது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளியத் தாப்பா போடுவீங்களா?”

“போடலன்னா தெறந்துக்கும், ரோசலின்.”

“அப்ப நான் கூப்புட்டா உங்களுக்குக் கேக்குமா?”

அவளே தலைமாட்டுப் பொத்தானைப் பார்த்துவிட்டாள். இது மணிதானே, இது வேலை செய்யுமா என்று கேட்டாள். ரிப்பேர் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். போன முறை யாருக்கும் கேட்காமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு அடைத்துப்போன அந்தக் குரலை அவன் ஒரு வாரம் கேட்டிருக்கிறான். கேட்காதென்றால் உள்ளே படுக்க மாட்டேன், இங்கேயே சாகிறேன் என்று அவள் அழத் தொடங்கியதும் அவன் ஓடினான். அறுத்த கம்பியின் இரண்டு முனைகளையும் சுரண்டி, முறுக்கி, துணி சுற்றினான். செய்யக்கூடாது என்று கைக்குத் தெரிந்தது. செய்தான். நன்றாக இருந்தால் எப்போதாவது ஒரு தடவை அமுத்து, முடியவில்லை என்றால் விடாமல் அமுத்து, உடனே நிறுத்துவேன் என்று சொல்லிக் கொடுத்தான். அவள் ஒரு தடவை அமுக்கினாள். மணி பதவிசாக ஒரு தரம் ஒலித்தது. ரோசலின் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

தாழ்ப்பாளைப் போட்டான்.

ரோட்டில் ஆள் இல்லை. முன்விளக்கு வெளிச்சம் மழையைத் தவிர எதையும் காட்டவில்லை. இரண்டு பக்கமும் தென்னைகள் குனிந்து குனிந்து நிமிர்ந்தன. கண்ணாடியைத் துடைக்கும் கம்பி கையால் ஆட்டுவதாகையால் ஒரு கை அதிலும் ஒரு கை ஸ்டியரிங்கிலும், வாய் தன்பாட்டில் மாதாவுக்கான பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டும் இருந்தது. மணி ஒரு தரம் அடித்தது. நன்றாக இருக்கிறாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரு தரம். மாதாவே, நன்றாக இருக்கிறாள். அவன் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

பிறகு மணி இரண்டு தரம் அடித்தது. உடனே மூன்று. அப்புறம் நிற்கவே இல்லை.

பிரேக்கை மிதித்து இறங்கி, சேற்றில் வழுக்கி எழுந்து, கதவைத் திறந்தான். ரோசலின் பெஞ்சில் இல்லை. கதவோரமாகத் தரையில் இறங்கி, இரண்டு கையாலும் பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தாள். முகம் வியர்வையில் மின்னியது.

“ஏன் நிப்பாட்டுனீங்க?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீதானே அமுத்துன.”

“நான் எங்க அமுத்துனேன்? குலுக்கல்ல கீழ எறங்கிட்டேன், கை எட்டல. போங்க. சீக்கிரம் போங்க.”

விளக்கு வெளிச்சத்தில் பொத்தான் தெரிந்தது. பெஞ்சுக்கு அந்தப் பக்கம். அவளுக்கு எட்டாத தூரம். அவளை வெளியே தூக்கிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தான். இந்த மழையில்? எங்கே கிடத்துவது? அதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. போங்க என்று கத்தினாள். கதவை மூடினான். தாழ்ப்பாள் மூன்றாம் முறைதான் விழுந்தது.

சீட்டில் ஏறும்போதே மணி தொடங்கியது.

விட்டு விட்டு. விட்டு விட்டு. அன்று கொட்டகையில் பார்த்த அதே அவசரம். மழையை மீறி, எஞ்சினை மீறி. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஊசி இடப்பக்கம் விழுந்தது. முன்விளக்கும் மணியும் சேர்ந்து தின்னத் தின்ன, டைனமோ கொடுப்பது பற்றவில்லை. விளக்கு மஞ்சளாயிற்று. எஞ்சின் ஒருமுறை செருமியது. இங்கே நின்றால் மறுபடி கிளம்பாது. இருட்டில், இந்த ரோட்டில், தாழ்ப்பாள் போட்ட பெட்டிக்குள் ரோசலின்.

அறுத்துவிடு. கத்தி பையில்தான் இருக்கிறது. அறுத்தால் கரண்டு மிஞ்சும். ஆனால் அறுத்தால் அவள் கூப்பிடுவது கேட்காது. கேட்கும் என்று சொல்லித்தானே உள்ளே படுக்க வைத்தான். இதில் எது அவள்? எது அவள் இல்லை? மணி தலைக்கு மேலே கத்தியது. காதுக்குள் கத்தியது. பல்லுக்குள் கத்தியது. நிறுத்து. தாயே, நிறுத்து. அவன் ஒரு கையால் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவினான். அதை மணிக்குள் திணித்தான். கட்டைவிரலால். அழுத்தி அழுத்தி.

அமைதி.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. துணி கரண்டை மிச்சம் பிடிக்காது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? கேட்காமல் இருந்தால் போதும் என்றுதான் செய்தான். தான் என்ன செய்தான் என்று உடனே புரிந்தது, வெட்கத்தில் உடம்பு கூசியது, அப்படியும் கை அதை எடுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தான். ஊசி தட்டிக்கொண்டே இருந்தது. பார்க்காமல் ஓட்டினான். கெலுகோர் போயிற்று. ஜெலுத்தோங் கடை விளக்குகள் போயின. எங்கேயோ ஓரிடத்தில் ஊசி ஆடுவது நின்றது. ஏன் நின்றது என்று யோசிக்க அவன் மனதை விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் விளக்கு எரிந்தது. ஆயாக்கள் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்தான்.

ரோசலின் பெஞ்சில் படுத்திருந்தாள். கழுத்து வரைக்கும் போர்த்தி, தலைமுடியை ஒதுக்கி, பாங்காக யாரோ படுக்க வைத்த மாதிரி. வயிறு இறங்கியிருந்தது. மெத்தையில் ரத்தம். கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் உதடு கோணியது.

“எவ்வளவு நேரம் அமுத்துனேன். எழும்பி எழும்பி அமுத்துனேன். நீங்க நிப்பாட்டவே இல்ல.”

அவன் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டான்.

“பரவால்ல,” என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டே. “அந்த அக்கா இருந்தாங்க. அவங்கதான் பிள்ளைய வாங்குனாங்க. அழுதுச்சுங்க. நல்லா அழுதுச்சு. உசிரோட இருக்கு.”

“எந்த அக்கா, ரோசலின்?”

“உள்ளதானே இருக்காங்க.”

ஆயாக்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள். பிள்ளை எங்கே என்றாள். தொப்புள்கொடியை அறுத்து ரொம்பச் சுத்தமாகக் கட்டியிருக்கிறதே, கட்டியது யார் என்றாள். அவன் அரிக்கேனைக் கழற்றி எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறினான். மெத்தையைப் புரட்டினான். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். நான்கு பலகைச் சுவர். ஒரு கூரை. மருந்து வாடை. பிள்ளை இல்லை. அவன் இறங்கியதும் காற்றே இல்லாமல் கதவு தன்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஆயா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

முன்னால் போனான். எஞ்சின் நின்றிருந்தது. ஊசி அசைந்தது.

கைக்குட்டையை இழுத்தான். மணி அலறவில்லை. ஒரு தரம் ஒலித்தது. நிதானமாக விட்டு, மறுபடி ஒரு தரம். அவசரம் போய்விட்டது. கூப்பிடுகிற மணி இல்லை இது. மடியில் போட்டு, முதுகில் தட்டி, தூங்க வைக்கிற தாளம். தட்டு. தட்டு. தட்டு.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். நின்றது. வெறும் பெட்டி. மூடினான். தட்டு. தட்டு.

கத்தி கையில் இருந்தது. கம்பி கண்ணெதிரே இருந்தது. அறுத்தால் எல்லாம் அடங்கும். அறுக்க முடியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் மணியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது, பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் ஒன்றும் கேட்காது. அவன் கத்தியைப் போட்டுவிட்டுக் கைச்சுற்றியை எடுத்தான். மழையில் முன்னால் நின்று வெறிபிடித்தவன் போலச் சுற்றினான். எஞ்சின் பற்றியது. ஊசி வலப்பக்கம் ஏறியது. சார்ஜ் ஏறியது. சீட்டில் ஏறி உட்கார்ந்து காதை மணியின் மேல் வைத்தான்.

தட்டு. தட்டு. தட்டு.

அந்தத் தட்டலுக்கு நடுவே, பொத்தானை முழுக்க அமுக்கப் பலம் போதாத ஒரு பிஞ்சு விரலின் சத்தம், மிகச் சின்னதாக, இடம் தப்பித் தப்பி, ஒலிக்கத் தொடங்கியிருந்தது.